மேற்குத் தாழ்வாரம்

மாமரக் கோவில் வாசல்
2002 மார்ச் 18

அன்புள்ள விரக் அண்ணாவுக்கு,

இரண்டு கைகளையும் நெற்றிவரை தூக்கிக் கும்பிட்டுத் தங்கை நாரி எழுதுவது. கும்பிட்ட கையிலேயே பேனாவும் இருந்ததால் இப்போது நெற்றியில் மை. நான் சுகம். முழங்கால் மட்டும் என்னோடு சேர்ந்திருக்க முடியாது, தனிக்குடித்தனம் போகிறேன் என்கிறது. உன் இருமல் எப்படி? பிரான்சில் பனி விட்டதா? பீங்கான் ஆலையில் கோப்பைகளுக்குக் காது ஒட்டுகிற வேலை இன்னும் அதேதானா? இத்தனை வருஷமாகக் காது ஒட்டுகிறாயே, யாராவது ஒரு கோப்பையாவது நீ சொன்னதைக் கேட்டதா?

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனாலும் பயணிகள் வருகிறார்கள். கல்லைப் பார்க்கிறார்கள், பிறகு என் கடையில் அரிசிச் சேவையும் மீன்குழம்பும் தின்று கண்ணில் தண்ணீர் விடுகிறார்கள். வியாபாரம் நல்லபடி நடக்கிறது. டிக்கெட் பார்க்கிற சிம் தினமும் வந்து உட்கார்ந்து, "பயணிங்க வர்றதுக்கு முன்னாடியே காட்டுக்குள்ள கடை போட்ட ஒரே ஆளு நீதான் நாரி. அப்ப யாருக்கு வித்த, குரங்குக்கா?" என்கிறார். "ஆமா, அதுல ஒண்ணு இன்னும் கடனுக்குத் தின்னுட்டிருக்கு" என்பேன். மனைவியை இழந்த மனிதர். சிரித்துவிட்டுப் போகட்டும்.

வருஷா வருஷம் கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். செத்தவர்களுக்குச் சோறு வைக்கிற இந்தப் பச்சும்பென்னிலாவது மலிஸ் பெயரைச் சொல்லிப் பிண்டம் வைக்கட்டுமா? விகாரையில் சடங்கு நடத்துகிற ஆச்சார் சொல்வது உனக்குத் தெரியும். செத்த பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடாவிட்டால் அது விகாரை விகாரையாகப் பசியோடு அலையும். உயிரோடு இருக்கிற பிள்ளையைச் செத்தவர்களோடு சேர்த்துக் கூப்பிட்டாலோ ஆயுசு குறையும். பெற்றவன் நீ. நீதான் சொல்ல வேண்டும். நான் அத்தை. அதிலும் என் கைராசி உனக்குத் தெரியாததா? உன்னையே ஐந்து வருஷம் சாகடித்து வைத்திருந்தவள் நான். முகாமிலிருந்து உன் முதல் கடிதம் வரும்வரை 'சேங் விரக், சேங் விரக்' என்று தொண்டை கிழியக் கூப்பிட்டு, எள்ளும் கருப்பட்டியும் போட்டுப் பிண்டம் வைத்தோமே. நீ அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்துவிட்டு ஆச்சார் சொன்னார், "பரவால்லியே, ஆளு பூசுனாப்புல இருக்கான். சாப்பாடு ஒழுங்காத்தான் போய்ச் சேர்ந்திருக்கு."

பதில் எழுது. கோப்பைகளுக்கு என் அன்பு.

நாரி


லிமோஜ்
2002 ஏப்ரல் 9

அன்புள்ள தங்கை நாரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். இருமல் குறைந்திருக்கிறது. உன் முழங்காலுக்கு ஒரு தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

மலிஸ் பெயரைச் சொல்ல வேண்டாம். அவள் இறந்ததை நான் பார்க்கவில்லை.

நீ எனக்கு வைத்த பிண்டத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அது வேடிக்கை இல்லையென்று சில சமயம் தோன்றுகிறது. எனக்குப் பசி என்று ஒன்று வருவதில்லை. மணி அடித்தால் சாப்பிடுகிறேன்.

ஆகஸ்டில் ஆலை மூடியிருக்கும். எங்கள் தெருவில் பயண ஏற்பாட்டுக் கடை ஒன்று இருக்கிறது. அதன் கண்ணாடியில் அங்கோர் கோபுரங்களின் படம் ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே போய்க் கேட்டேன். கடைசி நாளில் மாமரக் கோவிலும் உண்டாம். போகலாமா என்று யோசிக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

விரக்


மாமரக் கோவில் வாசல்
2002 மே 2

என் அண்ணாவுக்கு, மண்ணில் தலை பட வணங்கி நாரி.

நான் சுகம். ரொம்பவே சுகம். தைலம் இன்னும் வரவில்லை, ஆனால் நீ வருகிறாய் என்றதும் முழங்கால் தனிக்குடித்தனத்தை ஒத்திவைத்துவிட்டது.

யோசிக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பயணியாக வந்தால் என்ன, பல்லக்கில் வந்தால் என்ன. என் குடிசையில் மூங்கில் கட்டில் இருக்கிறது. ஒரு கால் ஆடும், அதன் கீழே கோவில் கல் ஒன்றை முட்டுக் கொடுத்திருக்கிறேன், சிம்மிடம் சொல்லிவிடாதே. வந்ததும் உனக்கு உயிரழைப்பு செய்ய வேண்டும். பாக்கி நிற்கிறது. உயிரோடிருந்தவனைச் செத்தவர்களோடு கூப்பிட்டு ஆளுக்குப் பத்தொன்பது என்று பெரியவர்கள் எண்ணி வைத்த உன் உயிர் அத்தனையையும் நான்தான் திசைக்கொன்றாய் விரட்டிவிட்டேன். அவித்த முட்டை, வாழைப்பழம், ஒரு கிண்ணம் சோறு, பருத்தி நூல். நீ மணிக்கட்டை நீட்டினால் போதும், கூப்பிடுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். சத்தமாகக் கூப்பிட இந்தப் பக்கத்தில் என்னைவிட்டால் ஆளில்லை.

நம் பாஷை மறந்துபோகவில்லையே? உன் ஊரில் நம் ஆள் ஒருவரும் இல்லை என்று எழுதியிருந்தாய். கோப்பைகளோடாவது பேசிப் பழகிக்கொண்டு வா.

எந்தத் தேதி என்று எழுது. உனக்குச் சட்டை தைக்க அளவு வேண்டும். அதே பூசினாற்போலவா, இல்லை இளைத்துவிட்டாயா?

நாரி


லிமோஜ்
2002 மே 27

அன்புள்ள நாரிக்கு,

நலம். நீயும் நலமாயிருக்க வேண்டும்.

பணம் கட்டிவிட்டேன். குழுவோடுதான் வருவேன். குழுவோடு விடுதியில்தான் தங்குவேன். அங்கே ஒரு பிற்பகல் மட்டும். உன் வீட்டுக்கு வர முடியாது. யாரிடமும் சொல்ல வேண்டாம். உயிரழைப்பு வேண்டாம்.

பேச முடியுமா என்று தெரியவில்லை. எழுத வருகிறது. வாயைத் திறந்தால் வருவதில்லை. மறந்துபோனதால் அல்ல.

ஒன்று கேட்க வேண்டும். மேற்குத் தாழ்வாரம் இருக்கிறதா? நடனப் பெண்கள் செதுக்கிய சுவர். சண்டைக்குத் தப்பி வந்த வழியில் அதன் அடியில்தான் மலிஸைப் படுக்கவைத்தேன். காய்ச்சலாக இருந்தது. அப்போது நாலு வயது. இருந்தால் இப்போது இருபத்தேழு. தரை குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்தேன். துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்து, தண்ணீர் எடுத்துவரப் போனேன். அதற்குள் சுடத் தொடங்கினார்கள். ஜனம் எல்லையைப் பார்த்து ஓடியது, என்னையும் தள்ளிக்கொண்டு போனது. திரும்பி வர விடவில்லை. முதல் கடிதத்தில் ஒரு வரியில் எழுதியிருந்தேன். இவ்வளவு எழுதியதில்லை. இடது காதுக்குப் பின்னால் மிளகு அளவு மச்சம். அது உனக்கும் நினைவிருக்கும்.

இன்னொன்று. நீ பத்தம்பாங்கில் ஆற்றங்கரையில் பிறந்தவள். சண்டை ஓய்ந்து பாதை திறந்ததும் அந்த வறண்ட ஊருக்கு ஏன் போனாய்? கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்டதில்லை.

விரக்


மாமரக் கோவில் வாசல்
2002 ஜூன் 20

அண்ணாவுக்கு நாரியின் கும்பிடு. நான் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

தைலம் வந்தது. பிரெஞ்சு முழங்காலுக்குச் செய்தது போலிருக்கிறது, வாசனை மட்டும்தான் நடக்கிறது. சிம் தன் கழுத்துக்கும் கொஞ்சம் கேட்டார். கொடுத்தேன். மறுநாள் கோவில் முழுக்க மணந்தது.

ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டிருக்கிறாய். வியாபாரம் அண்ணா, வியாபாரம். பத்தம்பாங்கில் தெருவுக்குத் தெரு சேவை விற்கிறார்கள், அங்கே என் குழம்பை யார் மதிப்பார்கள்? இங்கே என்னைவிட்டால் பசிக்குக் கல்தான்.

போன வாரம் தலைநகரத்திலிருந்து கல்லூரி வாத்தியாரம்மாக்கள் ஒரு கூட்டம் வந்தார்கள். எல்லாருக்கும் குழம்பு ஊற்றினேன். தலைமுடி கிண்ணத்தில் விழுமே என்று ஒருத்தியின் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டேன். அவள் சிரித்தாள். சிம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நாரி, நீ குழம்பு விக்கிறியா, காது பாக்குறியா? இந்த வயசுப் பொண்ணுங்க யாரு வந்தாலும் முடிய ஒதுக்குற. என் காதை ஒரு நாளு பாத்திருக்கியா?" என்றார். "உன் காதுல ஆடு மேயலாம், அதைத் தனியா வேற பாக்கணுமா?" என்றேன்.

யாரிடமும் சொல்ல மாட்டேன். சட்டை தைக்கவில்லை. உயிரழைப்பு வேண்டாமென்றால் வேண்டாம். தேதியை எழுதவில்லையே நீ?

மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. இருமலுக்கு இஞ்சி தட்டிப் போட்டுக் குடி.

நாரி


லிமோஜ்
2002 ஜூலை 8

நாரிக்கு,

நலம். மேற்குத் தாழ்வாரத்தைப் பற்றி நீ எழுதவில்லை.

விரக்


மாமரக் கோவில் வாசல்
2002 ஜூலை 30

அண்ணாவுக்கு வணக்கம். சுகம்.

தாழ்வாரம் இருக்கிறது. கூரை பாதி விழுந்துவிட்டது. அது நான் வந்த பிறகு விழுந்தது, ஒரு மழைக்காலத்தில், ஆளில்லாத நேரம். நடனப் பெண்கள் நிற்கிறார்கள். மூன்று பேருக்கு முகம் இல்லை. தெற்கு ஓரத்தில் ஆலமரம் ஒன்று வேரை இறக்கி உள்ளே கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது, மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. தரை அதேதான். குளிர்ச்சியாகத்தான் இருக்கும்.

வேறு விசேஷம் இல்லை. விகாரையில் மழைக்கால நோன்பு தொடங்கிவிட்டது. மழைக்குக் குடை கொண்டு வா.

நாரி


மாமரக் கோவில் வாசல்
2002 ஆகஸ்ட் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

நல்லபடி ஊர் போய்ச் சேர்ந்தாயா? விமானத்தில் காது அடைத்ததா? நான் சுகம்.

தொப்பியை எங்கே வாங்கினாய்? காளான் முளைத்து வேனிலிருந்து இறங்குகிறது என்று நினைத்தேன். பிறகு நடையைப் பார்த்தேன். இடது காலைச் சற்று இழுத்து, அப்பா மாதிரி. கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் போய்விட்டது. நல்ல கரண்டி.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாதே, கேள். சிம் வாசலில் உன்னிடம், "நம்மாளா நீங்க? நம்மாளுக்கு டிக்கெட் கெடையாது, சும்மா போங்க" என்றார் இல்லையா? நீ அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வெளிநாட்டுக்காரர் டிக்கெட்டை நீட்டினாய். அவர் என்னிடம் வந்து, "ஜப்பான்காரர் போல. பாவம், பாக்க நம்ம ஊரு மொகம்" என்றார். "ஆமா, ஜப்பான்தான்" என்றேன். சொல்லக்கூடாது என்றாயே. வாய் இவ்வளவு கனமாக ஒரு நாளும் இருந்ததில்லை.

நீ தாழ்வாரத்தில் உட்கார்ந்ததைக் கடையிலிருந்து பார்த்தேன். வழிகாட்டி, அரசன் பெயரும் வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தான், மற்றவர்கள் மேலே பார்த்தார்கள், நீ உள்ளங்கையைத் தரையில் வைத்திருந்தாய். சிம் உன்னை எழுப்பக் கிளம்பினார். "விடுங்க, அவங்க ஊர்ல தரை கெடையாதாம்" என்று பிடித்து இழுத்தேன்.

சாப்பிட வந்தபோது நூல் கட்டினேன். உனக்கு மட்டும் கட்டினால் நீ சங்கடப்படுவாய் என்று வேனில் வந்த வெள்ளைக்காரர் எல்லாருக்கும் கட்ட வேண்டியதாயிற்று. சேவை வாங்கினால் நூல் இலவசம் என்று கைஜாடை காட்டினேன். ஒரு குண்டு அம்மாள் இரண்டு கையையும் நீட்டினாள். அவர்களுக்குக் கட்டும்போது குழம்புக்கு என்ன சாமான் என்று முணுமுணுத்தேன். உனக்குக் கட்டும்போதுதான் கூப்பிட்டேன். "விரக்கோட உசுரு பத்தொன்பதும் வாங்க. காட்டுல நிக்கிறவங்க வாங்க, முகாம்ல நிக்கிறவங்க வாங்க, கடலுக்கு அந்தாண்ட போனவங்களும் வாங்க. யாரும் வைய மாட்டோம். சோறு ஆறுது." உனக்குக் கேட்டதோ என்னவோ. நீ வேண்டாமென்று எழுதியிருந்தாய். அதனால் மெதுவாகத்தான் சொன்னேன்.

சேவைக்கு அடியில் முட்டை இருந்தது. மற்றவர்களுக்கு இல்லை.

எழுந்து போகும்போது "மெர்சி" என்று நன்றி சொன்னாய். இத்தனை வருஷம் கழித்து உன் வாயிலிருந்து நான் கேட்டது அது ஒன்றுதான். அதை எனக்கு எல்லாரும்தான் சொல்கிறார்கள்.

வேன் போன பிறகு கிண்ணம் கழுவினேன். இருமல் இல்லையே?

நாரி


லிமோஜ்
2002 செப்டம்பர் 15

அன்புள்ள நாரிக்கு,

வந்து சேர்ந்தேன். நலம். ஆலை திறந்துவிட்டது.

முட்டையைப் பார்த்தேன். சாப்பிட்டேன். நீ கூப்பிட்டது கேட்டது. நூல் கையில் இருக்கிறது. வேலை நேரத்தில் கழற்றச் சொல்கிறார்கள். கழற்றவில்லை.

கிழக்குத் தாழ்வாரத்திலும் வடக்குத் தாழ்வாரத்திலும் கணுக்கால் வரை இலை கிடந்தது. மேற்கில் ஒரு இலை இல்லை. மரம் அங்கேதான் இருக்கிறது. தரையில் துடைப்பக் கோடுகள் தெரிந்தன. மூலையில் ஒரு துடைப்பம் சாய்த்து வைத்திருந்தது. அதன் பிடியில் உன் கடையில் கட்டியிருந்த அதே நீலத் துணி.

எப்போதிலிருந்து என்று கேட்க வந்தேன். பேச்சு வரவில்லை.

இந்த வருஷம் மலிஸ் பெயரைச் சொல்லிவிடு. பெற்றவன் சொல்கிறேன்.

விரக்


மாமரக் கோவில் வாசல்
2002 அக்டோபர் 7

அண்ணாவுக்குக் கும்பிடு. சுகம். நேற்றோடு பச்சும்பென் முடிந்தது.

உன் கடிதம் நல்ல நேரத்தில் வந்து சேர்ந்தது. நீ சொன்னபடியே விகாரைக்குப் போனேன். புதுச்சட்டை. எள், கருப்பட்டி, வாழையிலையில் சுற்றிய பலகாரம், எல்லாம் சரியாக இருந்தது. அப்பா பெயரைச் சொன்னேன். அம்மா பெயரைச் சொன்னேன். மலிஸின் அம்மா பெயரைச் சொன்னேன். ஆச்சார், "அப்புறம்?" என்றார். அப்பா பெயரை மறுபடி சொன்னேன். "அவரு வந்து சாப்ட்டு ஏப்பம் விட்டாச்சு நாரி. அடுத்தது யாரு? ஊரையே விக்கிற வாய்க்கு இன்னிக்கு என்னாச்சு?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வரவில்லை அண்ணா. தப்பாகக் கூப்பிட்டு ஒருவனை அலையவிட்டவள் இல்லையா நான்.

கடைசி உருண்டையைத் துண்டில் முடிந்து எடுத்து வந்தேன். தாழ்வாரத்தில் வைத்தேன். பெயர் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் போனபோது எறும்பு வரிசை போட்டிருந்தது. சுவரில் முகம் இல்லாத மூன்று பேரும் அப்படியே நின்றார்கள்.

நீ சொன்னதைச் செய்யவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. அடுத்த வருஷம் பார்க்கலாம். இந்த வாரம் கடைக்கு யாரும் வரவில்லை. மழை.

நாரி


லிமோஜ்
2002 அக்டோபர் 7

அன்புள்ள நாரிக்கு,

நலம். நேற்று பாரிசுக்குப் பக்கத்தில் உள்ள நம் விகாரைக்குப் போனேன். ரயிலில் போக வேண்டும். இதுவரை போனதில்லை.

நான் எழுதியதை நீ செய்ய மாட்டாய் என்று நினைத்தேன். கடிதம் போட்ட அன்றே தெரிந்தது. உன்னைச் சொல்லச் சொன்னது தப்பு.

வரிசையில் நின்றேன். ஆச்சார் வயதானவர், நம் பக்கத்துப் பேச்சு. "பேரு என்னங்க?" என்றார். நின்றுகொண்டே இருந்தேன். பின்னால் ஒரு பெண், "பெரியவருக்கு நம்ம பாஷை தெரியாது போல, பிரெஞ்சுல கேளுங்க" என்றாள்.

"மலிஸ்" என்றேன்.

"காது மந்தம்ங்க எனக்கு. கொஞ்சம் சத்தமா."

"மலிஸ்."

"வயசு?"

"நாலு."

அவர் உருண்டையை என் கையில் கொடுத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மூன்று தடவை கூப்பிட்டார். நானும் கூடக் கூப்பிட்டேன்.

அழவில்லை. திரும்பும்போது ரயில் நிலையத்தில் ரொட்டி வாங்கினேன். மணி பார்க்கவில்லை. பசித்தது.

நீ இனிப் பெருக்க வேண்டாம்.

விரக்


மாமரக் கோவில் வாசல்
2002 நவம்பர் 3

என் அண்ணாவுக்கு, நாரி.

உன் கடிதம் வந்தது. இரண்டு கடிதமும் ஒரே நாளில் எழுதப்பட்டு வழியில் ஒன்றையொன்று பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு போயிருக்கின்றன. நான் சுகம். முழங்காலும் சுகம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். வேறொன்றும் தெரியவில்லை.

கடிதத்தைப் படித்த மறுநாளும் விடிந்ததும் கால் தானாக மேற்கே போயிற்று. துடைப்பத்தை எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன். ஆலமரம் நாலு இலையைப் போட்டது. பார்த்துக்கொண்டு நின்றேன். அவை கிடந்தன.

போன வாரம் ஒரு வேன் நிறையப் பெண்கள். எல்லாரும் தலையைக் குனிந்து தின்றார்கள். ஒருத்தியின் முடி குழம்பில் விழுந்தது. அவளே எடுத்து ஒதுக்கிக்கொண்டாள். சிம் என்னைப் பார்த்தார். கேலி செய்யவில்லை.

கடையைக் கழற்றப் போகிறேன். பத்தம்பாங்கில் சின்னம்மா மகள் வீட்டுப் பின்கட்டில் இடம் இருக்கிறதாம். ஆற்றங்கரை. சட்டி பானைக்கெல்லாம் ஒரு மாட்டுவண்டி போதும். கட்டிலுக்கு முட்டுக் கொடுத்த கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். சிம் நிழலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யாவாரம் நல்லா நடக்குதுன்னு சொல்லிட்டிருந்தியே நாரி?" என்றார். நான் சட்டிகளைக் கயிற்றில் கட்டினேன். பிறகு அவரே, "பத்தம்பாங்ல ஆரஞ்சு நல்லாருக்குமாமே" என்றார். "வந்து தின்னுங்க, யாரு கட்டிப் போட்டா?" என்றேன்.

முகவரி அடுத்த பக்கத்தில் இருக்கிறது. அடுத்த ஆகஸ்டில் குழு இல்லாமல் வா. தொப்பியை மட்டும் அங்கேயே விட்டுவிடு.

இந்த வறண்ட ஊருக்கு ஏன் போனாய் என்று கேட்டாய். வியாபாரம் என்று எழுதினேன். இங்கே ஒரு நாளும் நான் வியாபாரத்துக்காக உட்கார்ந்ததில்லை, அண்ணா.

இருமலைப் பார்த்துக்கொள்.

நாரி